முதல் பயனரின் உயரம்

இந்த மருத்துவமனையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஓர் அறிவிப்பை, மூன்றாம் மாடி லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில், நிர்வாகம் நான்கு குண்டூசிகளால் பொறித்தது. அறை எண் நான்கில் நிறுவப்பட்டிருக்கும் புதிய கதிர்ப்பட இயந்திரம் மனித உடலுக்கு முழுமையாகப் பொருந்துகிறது என்று பணியிட உடல் ஒத்திசைவுக் குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. ஆகவே இன்று காலை எட்டு மணி முதல் அந்த அறையில் யாருக்கும் கழுத்து வலி கிடையாது.

அதை முதலில் படித்தவர் அந்த அறையில் வேலை பார்க்கும் டாக்டரம்மா. பலகை உயரத்தில் இருந்தது. அண்ணாந்து படித்து கடைசி வரிக்கு வருவதற்குள் கழுத்து வலித்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்பி டாக்டர் என்று பெயர். அவர் கத்தி எடுப்பதில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி குத்தி, அதன் வழியாக முடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை ரத்தக்குழாய்க்குள் விட்டு, உள்ளே எங்கே கிழிந்து ரத்தம் கசிகிறதோ அங்கே போய் அடைத்துவிட்டுத் திரும்புவார். கம்பி போகும் பாதை மானிட்டரில் தெரியும். ஆகவே கண் மானிட்டரில் இருக்க வேண்டும், கால் படம் எடுக்கும் பெடலில் இருக்க வேண்டும், உடம்பில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஏழு கிலோ ஈயக் கோட்டு இருக்க வேண்டும். கம்பியின் முனை எதில் முட்டுகிறது என்ற சேதி மட்டும் மானிட்டரில் வராது. அது வலது கட்டைவிரலுக்குத்தான் வரும். வராவிட்டால் குழாய் கிழியும்.

அந்த அறிவிப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே புதிய இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில் உயிர்ப்பித்ததும் அது ஒரு பெருமூச்சு விடும். திரையில் ‘வருக, முதல் பயனர்’ என்று எழுத்து வரும். பிறகு டேபிள் டாக்டரின் விலா எலும்பு வரை எழும்பும். கூரையிலிருந்து தொங்கும் மானிட்டர் மெல்ல மேலே போய், முகத்தைச் சற்றே சாய்த்து, உயரமான யாரோ ஒருவர் உள்ளே வந்து நின்றதுபோல அவருடைய கண்ணுக்கு நேராக நின்றுகொள்ளும்.

“ஐயா வந்துட்டாரு,” என்பார் சிஸ்டர். இருபது வருடமாக அந்த அறையில் இருப்பவர்.

டாக்டர் பொத்தானை அழுத்தி டேபிளை இறக்குவார். மானிட்டரையும் இறக்குவார். மானிட்டர் ஓர் அளவுக்குக் கீழே வராது. முதல் பயனருக்கு அதற்குக் கீழே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று அதற்குத் தெரியும். பெடலை எட்டு நிமிடம் யாரும் மிதிக்காவிட்டால், நிற்பவர் போய்விட்டார் என்று முடிவுகட்டி, மானிட்டர் மறுபடியும் மேலே போய்விடும். சிக்கலான கேஸில் டாக்டர் எட்டு நிமிடம் பெடலைத் தொடாமல் யோசித்துக்கொண்டு நிற்பது உண்டு. யோசிப்பது நின்றுகொண்டிருப்பதில் சேராது போலும்.

“யார் சிஸ்டர் இந்த முதல் பயனர்?”

“தெரியலையே மேடம். மெஷின் வந்தப்பவே உள்ள இருந்தாரு.”

“அழிக்க முடியாதா?”

“டெக்னீஷியன் தம்பி அழிச்சுப் பாத்தாரு. மெஷினே அணைஞ்சு போச்சு. திரும்பப் போட்டா, வருக முதல் பயனர்.”

“எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் நல்ல உயரம்தானே? ஒருவேளை அவரா?”

“அவரு ஆறடி. ஆனா இந்த ஐயாவுக்குக் கை நீளம் மேடம். அந்த டாக்டருக்குக் கை பத்தாம வளைஞ்சு வளைஞ்சு நின்னு, ஒரே வருஷத்துல இடுப்பு போய் ரிடையர் ஆயிட்டாரு. உங்களுக்குக் கழுத்து, அவருக்கு இடுப்பு. ஐயாவுக்கு ஒண்ணும் இல்ல.”

இப்படிக் கேட்ட அன்றைக்கு, வேலை தொடங்குவதற்கு முன் டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். படம் வராத கறுப்புத் திரை கண்ணாடி மாதிரி இருந்தது. அறை முழுவதும் அதில் தெரிந்தது. விளக்கு தெரிந்தது, சுவர்க் கடிகாரம் தெரிந்தது. டேபிளுக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் எங்கே தெரிய வேண்டுமோ அங்கே வெறும் காற்று இருந்தது. டாக்டரின் தலை திரையின் கீழ் விளிம்புக்கும் கீழே இருந்தது. அவர் நிற்கும் இடம் முதல் பயனரின் நெஞ்சு. இரண்டு வருடமாக இன்னொருவரின் நெஞ்சுக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னங்கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. ஏ.சி.யாக இருக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு காலையில், வீட்டில், டாக்டர் கிளம்புவதைக் கணவர் நின்று பார்த்தார். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். வரிசை தப்பினால் கண்ணில் பட்டுவிடும்.

“சட்டைப் பட்டன் ஒண்ணு தள்ளிப் போட்டிருக்க.”

“அப்படியா.”

“அப்படியாவா? கை வெச்சுப் பாரு.”

“கை வெச்சுத்தாங்க பாக்கறேன். பட்டன் விரல்ல இருக்கா இல்லையான்னு தெரியலை.”

கணவர் அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினார். “இப்ப?”

“என்ன இப்ப? ஆரம்பிங்க.”

“அழுத்தித்தான் வெச்சிருக்கேன்.” அவர் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். “இந்த விரலை நம்பித்தான் இன்னைக்கு ஒருத்தர் உடம்புக்குள்ள போகப் போறியா?”

“மத்தியானம் சரியாயிடும். காலையிலதான் இப்படி.”

“எத்தனை நாளா காலையில?”

கழுத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். அண்ணாந்து அண்ணாந்து கழுத்தெலும்புத் தட்டு பிதுங்கி, விரலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. “மானிட்டரை ஒரு சாண் இறக்கிக்குங்க. சும்மா ஒரு சாண். இறக்கலைன்னா இந்த விரலை மறந்துடுங்க,” என்றார்.

டாக்டர் விண்ணப்பம் எழுதினார். அது ஒரு வரிதான்: அறை எண் நான்கின் மானிட்டரை ஒரு சாண் இறக்கித் தர வேண்டும்.

ஒரு வரி விண்ணப்பம் நிர்வாகத்துக்குப் புதிது. முன்னுரை இல்லை, பார்வை எண் இல்லை, இணைப்பு இல்லை. இருந்தாலும் மனமிரங்கி, பணியிட உடல் ஒத்திசைவுக் குழு கூடியது. குழுத் தலைவர் வாழ்நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நிற்கிறவர்களின் கஷ்டத்தை விருப்பு வெறுப்பில்லாமல் ஆராய அவரைவிட்டால் ஆள் கிடையாது. அவருடைய நாற்காலியில் பதினோரு நெம்புகோல்கள் இருந்தன. பேசும்போது ஏதாவது ஒன்றைத் திருகிக்கொண்டே இருப்பார்; அவர் ஏறியும் இறங்கியும் சாய்ந்தும் பேசுவதைக் கேட்க ஊஞ்சலோடு உரையாடுவது போலிருக்கும்.

“பாருங்கம்மா,” என்று ஏறிக்கொண்டே ஆரம்பித்தார். “இயந்திரம் ஒரு நிலையான உடம்புக்காகச் செஞ்சது. அது எங்கயும் போகலை, அங்கயேதான் நிக்குது. நீங்கதான் அதுலேருந்து முப்பது சென்டிமீட்டர் விலகியிருக்கீங்க. விலகினது யாரோ அவங்கதானே விளக்கம் கொடுக்கணும்? எப்பலேருந்து உங்களுக்கு இந்த உயரம்?”

“எப்பவும் இதான் சார்.”

“எப்பவும்னு எழுத முடியாதும்மா. பொறந்தப்ப எல்லாருமே குள்ளம். எப்ப நின்னுச்சு?”

“ஒரு பதினஞ்சு வயசுல இருக்கும்.”

“வேலையில சேரும்போது தெரிவிச்சீங்களா?”

“நேர்லதான் வந்தேன் சார்.”

தலைவர் அதைக் குறிப்பில் எழுதச் சொன்னார். பணியாளர் தன் உயரத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை.

இருந்தாலும் குழுவுக்கு ஈரமில்லாமல் இல்லை. ஒரு பலகை வழங்கினார்கள். டாக்டர் ஏறி நின்றார். கண்ணும் மானிட்டரும் ஒருவழியாகக் கிட்டே வந்தன. ஆனால் பெடல் தரையில் இருந்தது. பெடலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார்கள். இப்போது இரண்டு காலுக்கு இடமில்லை.

“கொக்கு மாதிரி நிக்கிறீங்க மேடம்,” என்றார் சிஸ்டர்.

“கொக்குக்கு ஈயக் கோட்டு கிடையாது சிஸ்டர்.”

ஒன்பது நாள் ஒற்றைக் காலில் வேலை நடந்தது. பத்தாவது நாள் பாதுகாப்புப் பிரிவு வந்து, பலகை இயந்திரத்தின் அங்கீகரிக்கப்பட்ட உறுப்பு அல்ல என்று எடுத்துப்போய்விட்டது. அதை மருத்துவமனையின் அங்கீகாரமற்ற பொருட்கள் அறையில், எண் ஒட்டி, தக்க உயரத்தில் வைத்திருப்பதாகக் கேள்வி.

குழு இரண்டாம் முறை கூடியது. இந்த முறை இயந்திரக் கம்பெனிக்காரரை அழைத்திருந்தார்கள். அவர் டையோடும் மடிக்கணினியோடும் வந்து, முதல் பயனர் என்பவர் யார் என்ற கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொன்னார்.

“அவர் எங்க டிசைன் மாடல் மேடம். ஆறடி ரெண்டங்குலம். மனுஷ உடம்போட சராசரி.”

“எந்த மனுஷங்களோட சராசரி?” என்று டாக்டர் கேட்டார்.

“எங்க டிசைன் ரூம்ல இருந்தவங்க. நாலு பேர்.”

“அவங்கள்ல யாராவது கம்பி விடற டாக்டரா?”

“இல்ல மேடம். ஆனா அவங்க பாஸ்கெட்பால் ஆடுவாங்க. மொத்த டீமும் நல்ல ஃபிட்.”

“அந்த மாடலை நிக்க வெச்சு சோதிச்சீங்களா?”

“ஆயிரத்து இருநூறு மணி நேரம். கழுத்துல ஒரு சின்ன தேய்மானம்கூட இல்ல.”

“எப்படி இருக்கும்? கழுத்து இருக்கா அவருக்கு?”

கம்பெனிக்காரர் மடிக்கணினியைப் பார்த்தார். “தலை ஒரு கம்பியில நிக்குது மேடம். எந்தப் பக்கமும் திரும்பும்.”

“நரம்பு?”

“நரம்பு இல்ல.”

தலைவர் நாற்காலியோடு சாய்ந்து, கண்ணை மூடி, நிம்மதியாகச் சிரித்தார். “இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்றேன். இயந்திரத்துல குறை இல்ல. உங்ககிட்ட நரம்பு இருக்கு, அதான் பிரச்சினை. இதை யாரும் தனிப்பட்ட முறையில எடுத்துக்க வேண்டாம். நரம்பு நிறைய பேருக்கு இருக்கு.”

இதற்கு நடுவில்தான் ஒரு பஸ் டிரைவர் நோயாளியாக வந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் கம்பியைக் கல்லீரலுக்குப் பக்கத்துக் குழாய்வரை கொண்டுபோய்விட்டு, இடமா வலமா என்று நின்று யோசித்தார். எட்டு நிமிடம் ஆயிற்று. மானிட்டர் பெருமூச்சு விட்டு மேலே போனது. டாக்டர் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டைவிரல் சேதி சொல்வதை நிறுத்திக்கொண்டது. பிடித்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம். கம்பி,” என்றார் சிஸ்டர்.

கம்பி இரண்டு விரற்கடை வெளியே வழுக்கி வந்திருந்தது. டாக்டர் இடது கையால் பிடித்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இடது கையால் தடவித் தடவிச் செய்தார். டிரைவர் பிழைத்தார். டாக்டர் கை கழுவும்போது தண்ணீர் வலது கட்டைவிரலில் விழுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“எழுதாதீங்க மேடம்,” என்றார் சிஸ்டர். “எழுதினா உங்க மேலதான் திருப்புவாங்க.”

“எழுதலைன்னா அடுத்த ஆளு, சிஸ்டர்?”

எழுதினார். இந்தத் தடவை ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். விரல் மரத்துப்போனதையும் கம்பி வழுக்கியதையும் மறைக்காமல் எழுதி, கடைசியில் மறுபடி அந்த ஒரு சாணைக் கேட்டார்.

குழு கலங்கிப்போய்விட்டது. ஒரு நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நேரடிச் சோதனைக்கே உத்தரவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. பிரித்தார்கள். உள்ளே முதல் பயனர் இருந்தார்.

சாம்பல் நிற பிளாஸ்டிக். ஆறடி ரெண்டங்குலம். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறிய புள்ளிகள். அவருக்கு ஈயக் கோட்டு மாட்டினார்கள். தையற்காரர் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. டேபிளுக்கு முன்னால் நிறுத்தி இயந்திரத்தை உயிர்ப்பித்தார்கள். ‘வருக, முதல் பயனர்.’ டேபிள் எழும்பி அவருடைய இடுப்பில் நின்றது. மானிட்டர் இரண்டு வருடமாக வெறும் காற்றுக்கு நேராக நின்ற அதே இடத்துக்குப் போய் நின்றது. அங்கே இப்போது இரண்டு புள்ளிகள் இருந்தன. சிஸ்டர் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

ஆறு மணி நேரம் அவர் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழு உட்கார்ந்து பார்த்தது. மணிக்கொருமுறை தலைவர் ஒலிபெருக்கியில், “ஏதாவது அசௌகரியம் உண்டா?” என்று கேட்பார். பதில் வராது. “இல்லை” என்று பதிவு செய்வார்கள். ஒப்பீட்டுக்காக டாக்டரையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான்காவது மணியில் டாக்டர் ஒரு நிமிடம் உட்கார வேண்டும் என்றார். அதையும் பதிவு செய்தார்கள்.

முடிவு வந்த பிறகுதான், முதலில் சொன்ன அந்த அறிவிப்பு லிஃப்டுக்குப் பக்கத்தில் குத்தப்பட்டது.

பொம்மையைத் திருப்பி எடுத்துப்போக யாரும் வரவில்லை. அதை நகர்த்தக் குழுவின் உத்தரவு வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஆகவே முதல் பயனர் தன் இடத்தில் நின்றார். டாக்டர் அவருடைய கைக்குக் கீழே புகுந்து நின்று வேலை செய்தார். முதலிரண்டு நாள் சிரிப்பு வந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர், “கொஞ்சம் தள்ளுங்க சார்,” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். விளக்கை அணைக்கும்போது டெக்னீஷியன் அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். டாக்டருக்கு, தான் குனியும்போதெல்லாம் அது தலையைத் திருப்புவதாகத் தோன்றியது. தலை எந்தப் பக்கமும் திரும்பும் என்று கம்பெனிக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் யாராவது திருப்ப வேண்டும்.

ஒருநாள் அரை மயக்கத்தில் இருந்த நோயாளி, ஒரு பெரியவர், கண்ணைத் திறந்தார்.

“அவருதான் பெரிய டாக்டரா?”

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார்.

“ஆமாங்க,” என்றார் சிஸ்டர்.

“நல்லவேளை. இந்தப் பொண்ணு கை வெச்சிடுமோன்னு பயந்துட்டேன்.” பெரியவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய ரத்தக் கசிவை அந்தப் பெண் ஒன்றே கால் மணி நேரத்தில் அடைத்தார், இடது கையால்.

அதோடு கழுத்து டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுச் சீட்டு எழுதினார். கழுத்தில் அறுவை, மூன்று மாத ஓய்வு. இல்லாவிட்டால் இடது கையும் வலது கை வழியில் போகும். டாக்டர் விடுப்புக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தின் கீழே, ‘என் இடத்தில் வேறொரு டாக்டரை நியமித்த பிறகே விடுப்பில் போக விரும்புகிறேன், அவசரக் கேஸ்கள் வரும்’ என்று எழுதினார்.

விடுப்பு பத்து நிமிடத்தில் கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

“மாற்று ஆள் சார்?” என்று டாக்டர் கேட்டார்.

“அதுக்கு நீங்க ஏம்மா கவலைப்படறீங்க? அந்த அறைக்குப் பொருந்தின ஆள் ஏற்கனவே இருக்காரே.” தலைவர் ஒரு நெம்புகோலைத் திருகி மெல்ல இறங்கினார். “நாங்க தகுதிப் பட்டியல் போட்டோம். உயரம், நிற்கும் திறன், புகார் இல்லாமை, விடுப்பு எடுக்காமை. எல்லாத்துலயும் அவர்தான் முதல். உண்மையைச் சொன்னா, நீங்க இருந்தவரைக்கும் அவரோட திறமையைப் பயன்படுத்தவே எங்களுக்கு வாய்ப்பு கிடைக்கலை.”

“சார், அவர் கம்பியைப் பிடிக்க மாட்டாரு.”

“எழுத்துல கொடுங்கம்மா. அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்.”

எழுத்தில் கொடுத்தார். இடது கையால் எழுதியது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது.

அறுவை முடிந்து மூன்றாவது நாள், மத்தியானம், டாக்டர் கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தார். போன் அடித்தது. கணவர் எடுத்து அவருடைய காதில் வைத்துப் பிடித்தார்.

“மேடம்,” என்றார் சிஸ்டர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “பிரசவமான பொண்ணு ஒண்ணு. ரத்தம் நிக்கலை. டேபிள்ல படுக்க வெச்சாச்சு. டூட்டி சீட்டுல முதல் பயனர்னு போட்டிருக்கு. நான் யாரைக் கூப்பிடறது?”

“பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க சிஸ்டர். உடனே.”

“கேட்டேன் மேடம். டூட்டியில டாக்டர் இருக்கும்போது வெளிய அனுப்பக் கூடாதாம். தலைவர் சொல்லிட்டாரு.”

“அவர்கிட்ட போனைக் கொடுங்க.”

“அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்காரு மேடம். முதல் கேஸ்ங்கறதால பாக்க வந்திருக்காங்க, மொத்தக் குழுவும்.”

போனில் இயந்திரத்தின் பெருமூச்சு கேட்டது. ஒலிபெருக்கியில் யாரோ ஏதாவது அசௌகரியம் உண்டா என்று கேட்டார்கள். டேபிள் சரியான உயரத்தில் இருந்தது, மானிட்டர் சரியான உயரத்தில் இருந்தது, நிற்கும் கோணத்தில் ஒரு பாகைகூடப் பிசகில்லை என்று பின்னால் வெளியான அறிக்கை சொல்கிறது.

அந்தப் பெண் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு இறந்துபோனாள்.